செங்காந்தள் விதையில் கோல்ச்சிசின்: மரபணுக்கள் தெரிந்துவிட்டன, வயலுக்கு என்ன கிடைக்கும்?

தாராபுரம்_தோட்டம்

வணக்கம். இரண்டு கேள்விகள்.

எங்கள் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலும் கண்வலிக் கிழங்குதான், அதாவது செங்காந்தள்தான் பயிர். ஒரே மண், ஒரே பருவத்தில் நட்டது, காயைப் பறித்து நிழலில் உலர்த்தியதும் ஒரே முறையில்தான். ஆனாலும் விதை வாங்க வருபவர், பக்கத்துத் தோட்டத்து விதையில் கோல்ச்சிசின் கூடுதல், எங்களுடையதில் குறைவு என்று சொல்லி விலையை இறக்குகிறார். சோதனைச் சீட்டைக் கேட்டால் காட்டுவதில்லை. விதையில் இந்த மருந்துச் சத்து எவ்வளவு சேரும் என்பதை எது தீர்மானிக்கிறது? கிழங்கா, மண்ணா, எருவா, பறிக்கும் பருவமா?

இரண்டாவது கேள்விதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. கோல்ச்சிசினை உண்டாக்கும் மரபணுக்களைப் பிரித்தெடுத்து, புகையிலைச் செடியில் வைத்து அந்தப் பொருளை எடுத்துவிட்டார்கள் என்று கல்லூரியில் படிக்கும் என் மகள் சொல்கிறாள். உண்மையா? உண்மையென்றால், காலையில் கொடிக்குக் கொடி நின்று பூவுக்குப் பூ மகரந்தம் தொட்டுவைக்கிற எங்கள் பயிர் இன்னும் எத்தனை காலம் ஓடும்?

இலைநரம்பு

அண்ணா, மகள் சொன்னது பெரும்பாலும் சரி. நான் தாவர உயிர்வேதியியலில் வேலை செய்கிறேன். செடிக்குள் என்ன நடக்கிறது என்பதிலிருந்து சொன்னால்தான் முதல் கேள்விக்கே விடை கிடைக்கும். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செங்காந்தள் எடுத்துக்கொள்ளும் மூலப்பொருள் எளியது. ஃபினைல்அலனின், டைரோசின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள். எல்லா உயிர்களிலும் இருப்பவை. டைரோசினிலிருந்து டோபமின் வருகிறது. ஃபினைல்அலனினிலிருந்து ஓர் ஆல்டிஹைடு வருகிறது. இரண்டும் கூடி ஒரு சட்டகம் அமைகிறது. அந்தச் சட்டகத்தின்மேல் நொதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்கின்றன. ஒரு நொதி ஒரு மாற்றத்தை மட்டும் செய்து, கிடைத்த பொருளை அடுத்த நொதிக்கு விடுகிறது. ஒவ்வொரு நொதியையும் எப்படிக் கட்டுவது என்ற செய்தி ஒரு மரபணுவில் இருக்கிறது.

2020இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் சாட்லியின் குழு, செங்காந்தளிலிருந்து இப்படிப்பட்ட 8 மரபணுக்களை அடையாளம் கண்டு ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டது. அவற்றில் நான்கு, ஆக்சிஜன் அணுவின்மேல் மெத்தில் தொகுதி என்ற சிறு கார்பன் துணுக்கை ஒட்டும் நொதிகளுக்கானவை. ஒன்று நைட்ரஜன்மேல் ஒட்டுவது. மீதி மூன்றும் பி450 என்ற பெரிய குடும்பத்து நொதிகள். கடினமான வேதிமாற்றங்களை இந்த மூன்றும்தான் செய்கின்றன.

கடைசி பி450 செய்யும் வேலையைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். கோல்ச்சிசினின் ஒரு பக்கத்தில் ஏழு கார்பன் கொண்ட வளையம் இருக்கிறது. ட்ரோபோலோன் வளையம் என்பார்கள். மருந்தின் வீரியத்துக்கு அது இன்றியமையாதது. ஆனால் டைரோசினிலிருந்து வருவது ஆறு கார்பன் வளையம். ஏழாவது எங்கிருந்து வருகிறது? வளையத்துக்கு வெளியே அடுத்தடுத்து இரண்டு கார்பன்கள் தொங்கிக்கொண்டிருக்கின்றன. அந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள பிணைப்பு அறுபடுகிறது. வளையத்தை ஒட்டியிருந்த கார்பன் உள்ளே புகுந்து ஏழாவது ஆகிறது. மற்றது நைட்ரஜனோடு ஒரு ஃபார்மில் தொகுதியாக நின்றுவிடுகிறது. இவ்வளவையும் ஒரே நொதி நடத்துகிறது. இந்த வேலையை நான் வகுப்பில் நடத்தும் ஒவ்வொரு முறையும் எனக்கு மெய்சிலிர்க்கிறது. ஒரு கொடி மண்ணுக்கடியில் சத்தமில்லாமல் செய்யும் வேதியியல் இது.

பி450களில் இன்னும் இரண்டு, மலருக்கு ஊதா, நீல நிறமிகளைத் தரும் நொதிகளின் நெருங்கிய உறவு. நிறம் தரும் குடும்பத்திலிருந்து நஞ்சு செய்யும் வேலைக்குச் செடி ஆளெடுத்திருக்கிறது.

இனி உங்கள் முதல் கேள்வி. இந்த வரிசையில் எந்த நொதி குறைவாக இருக்கிறதோ, அங்கே எல்லாம் தேங்கும். எந்தச் செடியில் எந்த மரபணு எவ்வளவு இயங்குகிறது என்பது செடிக்குச் செடி மாறும். மண்ணும் எருவும் செடியின் வளர்ச்சியையும் விளைச்சலையும் மாற்றும். ஆனால் உங்கள் இரண்டு தோட்டங்களுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு முதலில் நான் சந்தேகப்படுவது கிழங்கின் பரம்பரையைத்தான். இருவரும் கிழங்கு வாங்கியது ஒரே இடத்திலா?

தாராபுரம்_தோட்டம்

இல்லை அம்மா. அவர் தன் பழைய தோட்டத்துக் கிழங்கையே எடுத்து நட்டார். நாங்கள் வெளியே வாங்கினோம். காட்டிலிருந்து தோண்டி வந்த கிழங்கும் அதில் கலந்திருந்தது என்று பின்னால் தெரிந்தது.

முதலாண்டு_தாவரவியல்

அக்கா, எனக்கு ஒரு சந்தேகம். செங்காந்தளின் முழு மரபணுத் தொகுதியும் அப்போது படிக்கப்படவில்லை என்று எங்கள் பேராசிரியர் சொன்னார். ஆயிரக்கணக்கான மரபணுக்களில் இந்த எட்டை எப்படிப் பொறுக்கினார்கள்?

இலைநரம்பு

நல்ல கேள்வி. இதில் அறுபது ஆண்டு உழைப்பு அடங்கியிருக்கிறது.

1960களில் ஆலன் பாட்டர்ஸ்பி என்ற ஆங்கிலேய வேதியியலாளர், கதிரியக்கக் கார்பன் சேர்த்த பொருட்களைச் செடிகளுக்குக் கொடுத்து, அந்தக் கார்பன் கோல்ச்சிசினில் எங்கே போய்ச் சேர்கிறது என்று தேடினார். இடையில் உருவாகும் பொருட்கள் என்னென்ன என்பது அதனால் தெரிந்தது. மரபணுவைப் பற்றி எதுவும் தெரியாத காலத்தில் பாதையை மட்டும் அவர் வரைந்து வைத்துவிட்டார்.

‘நேச்சர்’ கட்டுரையை எழுதிய நெட், லாவ், சாட்லி மூவரும் அந்த வரைபடத்தை எடுத்துக்கொண்டார்கள். செடியின் வெவ்வேறு உறுப்புகளிலிருந்து ஆர்என்ஏவை எடுத்துப் படித்தார்கள். ஆர்என்ஏ என்பது, எந்த மரபணு இப்போது இயங்குகிறது என்பதற்கான சான்று. முதலில் ஒரு மெத்தில் நொதியின் மரபணு பிடிபட்டது. பிறகு, அந்த மரபணு கூடும் இடத்தில் கூடி, குறையும் இடத்தில் குறையும் மற்ற மரபணுக்களைத் தேடினார்கள். திருப்பூரில் ஒரே ஷிப்டில் ஒரே பக்கம் நடந்து போகிறவர்களைப் பார்த்து, ஒரே கம்பெனியில் வேலை செய்பவர்கள் என்று ஊகிப்பது போன்ற முறை. முழு மரபணுத் தொகுதி தேவைப்படவில்லை.

ஊகத்தைச் சோதிக்கத்தான் புகையிலை. நாம் பீடிக்குப் பயிரிடும் புகையிலை அல்ல, நிக்கோட்டியானா பெந்தாமியானா என்ற ஆஸ்திரேலியச் சிறு செடி. மரபணுவைத் தாங்கிய அக்ரோபாக்டீரியம் என்ற நுண்ணுயிரை, ஊசியில்லாத சிரிஞ்சால் இலையின் அடிப்பக்கத்தில் அழுத்திச் செலுத்துவார்கள். இலையில் ஈரக்கறை போலப் பரவும். சில நாட்களில் அந்த இலை, தனக்குச் சொந்தமில்லாத நொதியைச் செய்யத் தொடங்கிவிடும். இலையை அரைத்து, மூலக்கூறுகளை எடையை வைத்து அடையாளம் காணும் நிறைமாலைக் கருவியில் வைத்துப் பார்த்தால், எதிர்பார்த்த பொருள் வந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும்.

செங்காந்தளின் மரபணுக்களோடு, மூலப்பொருட்களைத் தயாரித்துக் கொடுக்கும் வேறு உயிரினங்களின் நொதிகளையும் சேர்த்து, மொத்தம் 16 நொதிகளை அந்த இலையில் இயக்கினார்கள். கிடைத்தது என்-ஃபார்மில்டெமிகோல்சின் என்ற பொருள். ஏழு கார்பன் வளையம் அதில் வந்துவிட்டது, ஆனால் அது கோல்ச்சிசின் அல்ல. ஃபார்மில் தொகுதியையும் ஒரு மெத்திலையும் நீக்கி, அசிட்டைல் தொகுதியைச் சேர்க்கும் வேலை பாக்கி இருந்தது. அந்த ஆய்வுக் கட்டுரை அங்கேயே நிற்கிறது. ‘புகையிலையில் கோல்ச்சிசின்’ என்று தலைப்புப் போட்டவர்கள் இந்த இடத்தைக் கவனிக்கவில்லை.

இரவுப்பணி_மருத்துவர்

இங்கே மருந்தாகவும் நஞ்சாகவும் இதைப் பார்த்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

கோல்ச்சிசினை 1820இல் பிரான்சில் பெல்டியே, கவாந்து என்ற இருவர் பிரித்தெடுத்தார்கள். அவர்கள் எடுத்தது ஐரோப்பாவின் கோல்ச்சிகம் செடியிலிருந்து. செங்காந்தளும் அதே குடும்பம்தான். கீல்வாதத்தில், குறிப்பாக யூரிக் அமிலம் படிந்து பெருவிரல் மூட்டு நெருப்பாக எரியும் கவுட் நோயில், இன்றும் இது முன்வரிசை மருந்து. 2023 ஜூனில் அமெரிக்க மருந்து நிர்வாகம் 0.5 மில்லிகிராம் மாத்திரையை இதயநோய்த் தடுப்புக்கும் அனுமதித்தது. ஆகவே விதைக்குத் தேவை இல்லாமல் போய்விடும் என்று நான் நினைக்கவில்லை.

இது உடலில் பிடித்துக்கொள்வது டியூபுலின் என்ற புரதத்தை. உயிரணுவுக்குள் நுண்குழாய்கள் அந்தப் புரதத்தால் ஆனவை. உயிரணு பிரியும்போது குரோமோசோம்களை இருபக்கமும் இழுப்பதும், வெள்ளையணுக்கள் அழற்சி இடத்துக்கு நகர்வதும் அந்தக் குழாய்களின் துணையால்தான். மிகக் குறைந்த அளவில் கொடுத்தால் வெள்ளையணுக்களின் படையெடுப்பு தணிகிறது, வலி இறங்குகிறது. அளவு மீறினால் வேகமாகப் பிரியும் உயிரணுக்கள் எல்லாம் அடிபடுகின்றன. முதலில் குடல்: கடுமையான வாந்தி, வயிற்றுப்போக்கு. பிறகு எலும்பு மஜ்ஜை. பிழைத்தவர்களுக்கு ஓரிரு வாரத்தில் தலைமுடி கொத்தாகக் கொட்டும். சர்க்கரைவள்ளி என்று நினைத்துக் கிழங்கை வேகவைத்துச் சாப்பிட்டவர்கள் வந்த நாட்களை எந்த மருத்துவரும் மறக்க மாட்டார். இந்த நஞ்சுக்கு எளிதில் கிடைக்கும் முறிமருந்து கிடையாது. தோட்டத்தில் கிழங்கை உணவுக் கிழங்குகளோடு ஒரே இடத்தில் சேர்த்து வைக்காதீர்கள்.

இலைநரம்பு சொன்ன பி450 நொதிகளைப் பற்றி ஒன்று. நம் கல்லீரலில் கோல்ச்சிசினை உடைப்பதும் பி450 குடும்பத்து நொதிதான், 3ஏ4 என்று பெயர். கிளாரித்ரோமைசின் போன்ற சில மருந்துகள் அந்த நொதியை முடக்கிவிடும். கவுட்டுக்குக் கோல்ச்சிசின் சாப்பிடுகிறவர், சளிக்கென்று கடையில் கேட்டு அந்த மாத்திரையையும் வாங்கிப் போட்டுக்கொண்டால், வழக்கமான அளவே நஞ்சாகிவிடும். உயிரிழப்புகள் பதிவாகியிருக்கின்றன. செடியில் மருந்தை உண்டாக்கும் நொதியைப் போலவே, நம் உடலில் அதை உடைக்கும் நொதியும் இந்தப் பேச்சில் இடம்பெற வேண்டும்.

குன்றிமணி

சித்த மருத்துவம் படித்தவள் நான். மரபணு, நொதி என்று பேசும்போது, நாங்கள் கலப்பைக் கிழங்கு என்று சொல்லும் இதே கண்வலிக் கிழங்கை எங்கள் மரபு எவ்வளவு எச்சரிக்கையோடு அணுகியது என்பது மறந்துபோகிறது. கிழங்கைச் சீவி, உப்புச் சேர்த்த மோரில் ஊறவைத்து, பகலில் உலர்த்தி, மறுபடி மோர் மாற்றி ஊறவைத்துச் சுத்தி செய்த (நஞ்சு நீக்கிய) பிறகே மருந்தில் சேர்ப்போம். எட்டு மரபணு தெரியாத காலத்திலேயே எங்களுக்கு அளவு தெரியும். வெளிநாட்டு ஆய்வகம் சொன்னால்தான் நம்புவோம் என்ற போக்கு எனக்கு உடன்பாடில்லை.

இலைநரம்பு

குன்றிமணி, சுத்தி முறையை நான் மதிக்கிறேன். அதில் வேதியியல் இருக்கிறது. கோல்ச்சிசின் தண்ணீரில் நன்றாகக் கரையும். சீவிய துண்டை மோரில் போட்டு, மோரை மாற்றிக்கொண்டே வந்தால், நஞ்சில் ஒரு பகுதி மோரோடு போய்விடும். கண்டுபிடித்தவர்கள் கூர்மையானவர்கள்.

ஆனால் “அளவு தெரியும்” என்பதில் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. சுத்திக்கு வரும் கிழங்கில் தொடக்கத்தில் எவ்வளவு இருந்தது? தாராபுரத்து அண்ணன் சொன்னதைப் பாருங்கள், பக்கத்துப் பக்கத்துத் தோட்டத்திலேயே வேறுபடுகிறது. இரண்டு மடங்கு வீரியமுள்ள கிழங்குக்கும் அதே மோர், அதே நாட்கள் என்றால், கையில் கிடைக்கும் மருந்து ஒன்றாக இருக்காது. மரபு சொன்ன சுத்திக்கு நிலையான மூலிகை தேவை. நிலையான மூலிகைக்கு எந்தச் செடியில் எந்த மரபணு எப்படி இயங்குகிறது என்ற அறிவு தேவை. நீங்களும் நானும் ஒரே பக்கம்தான் நிற்கிறோம்.

இரவுப்பணி_மருத்துவர்

படிக்கிறவர்களுக்கு: சுத்தி முறையை இங்கே படித்துவிட்டு வீட்டில் யாரும் முயற்சி செய்ய வேண்டாம்.

குன்றிமணி

அதை நானும் வழிமொழிகிறேன். பயிற்சி பெற்றவர் கையில் மட்டும்தான். இலைநரம்பு, மூலிகையின் தொடக்க வீரியம் பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது. எங்கள் கல்லூரிகளிலும் மருந்துச் சரக்கைச் சோதிக்காமல் உள்ளே எடுக்கக் கூடாது என்று பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறோம்.

தாராபுரம்_தோட்டம்

எல்லோருக்கும் நன்றி. என் இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கிறது. இன்றைக்கு இலையில் முக்கால்வாசி வந்துவிட்டது. நாளைக்கு ஆலைத் தொட்டியில் வளர்க்கும் ஈஸ்ட் நுண்ணுயிரில் முழுதாக வந்துவிட்டால்?

கண்வலி நடுவது மற்ற வெள்ளாமை மாதிரி இல்லை. கிழங்கின் முளைமுனை உடைந்தால் அந்தக் கிழங்கு போயிற்று. பந்தலுக்குக் கம்பி, கல்தூண் என்று முதலிலேயே பெரும் பணம் போட வேண்டும். பூவில் சூல்தண்டு ஒரு பக்கமாக மடங்கி மகரந்தத்தை விட்டு விலகி நிற்கும், தானாகச் சேராது. பெண்கள் காலையில் வந்து, மகரந்தப் பையைக் கிள்ளி எடுத்து ஒவ்வொரு பூவின் சூல்முனையிலும் தொட்டுவைக்க வேண்டும். அன்றைக்கு விட்டால் அந்தப் பூ காயாகாது. போட்ட பணம் திரும்பவே சில வருடம் ஆகும். நடுவில் ஈஸ்ட் வந்துவிட்டால் பந்தல் கம்பியை விற்றா கடன் அடைப்பது?

கரிசல்_நிலம்

அண்ணாச்சி, எங்கள் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்து நித்தியகல்யாணியை வைத்து உங்களுக்குப் பதில் சொல்கிறேன். மானாவாரியில் வரும், ஆடு கடிக்காது, இலைக்கும் வேருக்கும் விலை உண்டு. அதன் இலையிலிருந்து வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகள் கிடைக்கின்றன. குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோயில் வின்கிரிஸ்டின் எவ்வளவு முக்கியம் என்று மருத்துவருக்குத் தெரியும்.

இலையில் இருப்பதோ துளிக்கும் கீழே. 1 கிராம் வின்பிளாஸ்டினுக்கு 500 கிலோவுக்கு மேல் உலர்ந்த இலை வேண்டும். வின்கிரிஸ்டினுக்கு 2,000 கிலோவுக்கு மேல். ஈஸ்டில் செய்தால் லாபம் என்று யாருக்கும் தோன்றும். 2022இல் அமெரிக்க விஞ்ஞானி ஜே கீஸ்லிங்கின் குழு செய்தும் காட்டியது. ஈஸ்டில் 56 மரபணுத் திருத்தங்கள், அவற்றில் வெளியிலிருந்து கொண்டுவந்த தாவர மரபணுக்கள் மட்டும் 34. கிடைத்தது வின்பிளாஸ்டினின் இரண்டு பாதிகளான கேத்தரந்தினும் விண்டோலினும். ஒரு லிட்டருக்கு முதலாவது சுமார் 527 மைக்ரோகிராம், இரண்டாவது சுமார் 305 மைக்ரோகிராம். மில்லிகிராம்கூட இல்லை. இரண்டையும் பிறகு வேதியியல் முறையில் இணைத்தார்கள். அறிவியலாக அது மாபெரும் வேலை. தொழிற்சாலையாக வெகுதூரம் போக வேண்டும்.

செடி அதை எப்படிச் செய்கிறது என்று பார்த்தால் ஏன் இவ்வளவு கடினம் என்று விளங்கும். பாதையின் தொடக்கம் இலை நரம்பை ஒட்டிய உயிரணுக்களில். நடுப்பகுதி இலையின் மேல்தோலில். விண்டோலினின் கடைசிப் படிகள் பால் சுரக்கும் தனி உயிரணுக்களில். கேத்தரந்தினை இலையின் மேற்பரப்புக்கே வெளியேற்றிவிடுகிறது, விண்டோலினை உள்ளே வைத்துக்கொள்கிறது. இரண்டு பாதிகளும் பெரும்பாலும் சந்திப்பதே இல்லை. அதனால்தான் இலையில் மருந்து அவ்வளவு குறைவு.

இன்னொரு உதாரணம் ஆர்ட்டிமிசினின். மலேரியா மருந்து. அதற்காகத்தான் சீனாவின் து யூயூவுக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கான முன்பொருளை ஈஸ்டில் செய்யும் வழியை இதே கீஸ்லிங் உருவாக்க, சனோஃபி நிறுவனம் இத்தாலியில் ஆலையே வைத்து 2013இல் உற்பத்தி தொடங்கியது. விவசாயிகள் விளைவித்தது கிலோ 250 டாலருக்கும் கீழே கிடைத்தது. ஈஸ்ட் சரக்குக்கு 350 டாலருக்கு மேல். 2015இல் அந்த ஆலை ஒரு கிலோகூடச் செய்யவில்லை, பிறகு விற்றுவிட்டார்கள். வயல் ஜெயித்தது.

எல்லைக்கல்

கரிசல்_நிலம், அந்தக் கதையில் பாதியைத்தான் சொல்கிறீர்கள். வயல் ஜெயித்தது விலை வீழ்ந்ததால். வீழ்ந்த விலையில் விற்றவர்கள் சீனா, வியட்நாம், கிழக்கு ஆப்பிரிக்கா விவசாயிகள். அதை வெற்றி என்று நான் எழுத மாட்டேன். தாராபுரத்தாருக்கு அதே நிலை வந்தால் ஆலை மூடியதா என்பது அவருக்கு ஆறுதலாகுமா?

நான் கேட்பது வேறு. நான் உயிரியல் வளச் சட்டத்தில் வேலை செய்கிறவன். செங்காந்தள் கிழங்கோ விதையோ இங்கிருந்து ஆராய்ச்சிக்கு வெளிநாடு போனால் 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டம் இருக்கிறது. அதற்கான தேசிய ஆணையத்தின் தலைமையகம் சென்னையிலேயே தரமணியில் இருக்கிறது. ஆனால் மரபணு வரிசை ஒரு எழுத்துக் கோப்பு. தரவுத்தளத்தில் ஏறியதும் உலகின் எந்த மூலையிலும் இறக்கிக்கொள்ளலாம். கிழங்கைத் தொட வேண்டியதே இல்லை. மேலும் செங்காந்தள் நமக்கு மட்டும் சொந்தமும் அல்ல. ஆப்பிரிக்காவிலும் இயல்பாக வளர்கிறது, ஜிம்பாப்வேயின் தேசிய மலரே அதுதான். உலகெங்கும் நர்சரிகளில் அழகுச் செடியாக விற்கிறார்கள்.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் 2024இல் கொலம்பியாவின் காலி நகரத்தில் நடந்த ஐ.நா. பல்லுயிர் மாநாட்டில் ஒரு நிதி உருவாக்க முடிவானது. மரபணு வரிசைகளால் லாபம் பார்க்கும் பெரிய நிறுவனங்கள், லாபத்தில் 1 சதவீதம் அல்லது வருவாயில் 0.1 சதவீதம் அதில் செலுத்தலாம். குறைந்தது பாதித் தொகை பழங்குடிகளுக்கும் உள்ளூர்ச் சமூகங்களுக்கும் போக வேண்டும். “செலுத்தலாம்” என்பதைக் கவனியுங்கள். கட்டாயம் இல்லை. விதை விளைவிக்கும் உழவர் அமைப்புகள் இப்போதே குரல் கொடுக்காவிட்டால், அந்தப் பாதியிலும் தாராபுரத்துக்கு ஒன்றும் வராது.

கரிசல்_நிலம்

விலை விழுந்தது பற்றி நீங்கள் சொன்னது சரிதான். ஆனால் விலை விழக் காரணம் ஈஸ்ட் மட்டும் அல்ல, ஒரு வருடம் எல்லோரும் நட்டு, அடுத்த வருடம் சரக்கு குவிந்ததும்தான். கண்வலி விதையிலும் அதே ஏற்ற இறக்கத்தைத்தானே அண்ணாச்சி பார்க்கிறார்? அதற்கு ஆய்வகத்தைக் குறை சொல்லி என்ன பயன்?

இலைநரம்பு

இருவரும் சொல்வதை ஏற்கிறேன். நான் நெடுநாளாகச் சொல்ல நினைத்த ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன்.

இந்த எட்டு மரபணுக்களால் மிக விரைவில் பலன் பெறக்கூடிய இடம் ஈஸ்ட் தொட்டி அல்ல, தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் வயல்கள். ஏன் என்று சொல்கிறேன்.

செங்காந்தளில் அயல் மகரந்தச் சேர்க்கை அதிகம். அதனால் ஒரே காயின் விதைகளிலிருந்து வரும் செடிகளே ஒன்றுபோல் இருப்பதில்லை. கிழங்கால் பெருக்கினால் தாயைப் போலவே வரும், ஆனால் ஒரு கிழங்கிலிருந்து ஆண்டுக்கு இரண்டுக்கு மேல் கிடைப்பது அரிது. அதனால்தான் காட்டுக் கிழங்கைத் தோண்டி விற்கிறார்கள், காடும் காலியாகிறது, வயலில் வகைகளும் கலக்கின்றன. விதையிலிருந்து நல்ல தாய்ச் செடியைத் தேர்ந்தெடுக்கலாம் என்றால், விதை முளைத்துப் பூத்துக் காய்க்க மூன்று நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். காத்திருந்து சோதித்த பிறகு “இது வீரியம் குறைந்தது” என்று தெரிந்தால் அத்தனை ஆண்டும் போனது.

பாதையின் மரபணுக்கள் தெரிந்தபின் இந்தக் காத்திருப்பைச் சுருக்க வழி பிறக்கிறது. வெவ்வேறு ஊர்ச் செடிகளில் இந்த எட்டு மரபணுக்களும் எப்படி வேறுபடுகின்றன, எந்த வேறுபாடு விதையில் கூடுதல் கோல்ச்சிசினோடு சேர்ந்து வருகிறது என்று ஒருமுறை கண்டுவிட்டால் போதும். அதன்பின் நாற்றின் ஒரு துண்டு இலையிலேயே பார்த்துவிடலாம். இதற்குக் கோடிக்கணக்கான முதலீடு தேவையில்லை. நம் வேளாண் பல்கலைக்கழகத்திலும் பல கல்லூரிகளிலும் இருக்கும் கருவிகளே போதும். மரபணு மாற்றமும் இதில் இல்லை, தேர்வு மட்டும்தான்.

கோல்ச்சிசினோடு நின்றுவிடவும் கூடாது. அதே விதையில் கோல்ச்சிகோசைடு என்ற இன்னொரு பொருளும் இருக்கிறது. தசைப்பிடிப்புக்குக் கொடுக்கும் தயோகோல்ச்சிகோசைடு மாத்திரை அதிலிருந்துதான் தயாராகிறது. சிலருடைய செடி கோல்ச்சிசினில் குறைந்து இதில் கூடியிருக்கலாம். வாங்குபவர் ஒன்றை மட்டும் அளந்து விலையைக் குறைத்துவிட்டு, இரண்டையும் எடுத்துக்கொண்டு போவதைத் தடுக்க உழவரிடம் என்ன இருக்கிறது? சோதனைச் சீட்டுகூட இல்லையே. எனக்கு இதில்தான் கோபம் வருகிறது. உலகின் முதல்தர இதழில் இந்தக் கொடியின் நொதிகள் ஒவ்வொன்றும் பெயரோடு வந்துவிட்டன. அதை விளைவிக்கும் மனிதருக்குத் தன் விதையில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

முதலாண்டு_தாவரவியல்

அக்கா, இன்னொன்று. இவ்வளவு நஞ்சைச் சுமக்கும் செடியின் உயிரணுக்கள் எப்படிப் பிரிகின்றன? செடிக்கும் டியூபுலின் உண்டுதானே?

இலைநரம்பு

உண்டு. ஆனால் தாவர டியூபுலினைக் கோல்ச்சிசின் மிகத் தளர்வாகத்தான் பிடிக்கிறது. விலங்குகளின் டியூபுலினைத்தான் இறுகப் பற்றும். தாவரங்களில் குரோமோசோம்களை இரட்டிப்பாக்க ஆய்வகங்களில் பயன்படுத்தும்போது, மனித உயிரணுக்களுக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு செறிவில் கொடுக்க வேண்டியிருப்பது அதனால்தான்.

தாராபுரம்_தோட்டம்

அம்மா, இலைத் துண்டில் பார்ப்பது எப்போது வருமோ தெரியாது. இந்தப் பறிப்புக்கே நான் செய்யக்கூடியது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். நான்கைந்து தோட்டக்காரர்கள் சேர்ந்தால் சோதனைச் செலவைப் பங்கிட்டுக்கொள்ள நாங்கள் தயார்.

இலைநரம்பு

இருக்கிறது அண்ணா.

காய் வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சையாகித் தோல் சுருங்கத் தொடங்கும்போது பறியுங்கள். முதல் பறிப்பு, கடைசிப் பறிப்பு இரண்டையும் கலக்காதீர்கள். உலர்ந்தபின் ஒவ்வொரு பாத்தியின் குவியலிலும் மேலே, நடுவே, அடியே என்று கைப்பிடி எடுத்துக் கலந்து, அதிலிருந்து 100 கிராம் தனிப்பையில் போடுங்கள். பை மீது பாத்தி, பறித்த தேதி, கிழங்கு எங்கிருந்து வந்தது ஆகிய மூன்றையும் எழுதுங்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரரிடமும் அதேபோல் ஒரு பை கேளுங்கள். அதே அளவு இன்னொரு பையை முத்திரையிட்டு உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் சச்சரவு வந்தால் தேவைப்படும்.

அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில், கலவையிலுள்ள பொருட்களைப் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சி முறையில் கோல்ச்சிசின், கோல்ச்சிகோசைடு இரண்டையும் தனித்தனியாக அளந்து தரச் சொல்லுங்கள். “மொத்த ஆல்கலாய்டு” (இவ்வகைச் சத்துகள் எல்லாம் சேர்ந்தது) என்று ஒரே எண்ணாகக் கொடுத்தால் ஏற்காதீர்கள். வேளாண் கையேடுகள் விதையில் 0.7 முதல் 0.9 சதவீதம் கோல்ச்சிசின் என்று சொல்கின்றன, அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எந்தப் பாத்தி கூடுதலாக வருகிறதோ, அதன் கிழங்கை இந்த முறை தோண்டும்போது தனியே எடுத்து அடையாளமிட்டு வையுங்கள். இலை மாதிரியை நான் வாங்கிக்கொள்கிறேன், ஆர்என்ஏ எடுக்க எங்கள் மாணவர்களுக்குப் பயிற்சியும் ஆகும்.

எல்லைக்கல்

இலை மாதிரி கொடுக்குமுன் ஒரு பக்க ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள்: மாதிரி யாருடையது, வரிசையை எங்கே பதிவேற்றுவார்கள், பதிவில் ஊர்ப் பெயர் வருமா, அதிலிருந்து வகை வெளியானால் பெயரும் பங்கும் யாருக்கு. வரைவை நான் தமிழில் எழுதித் தருகிறேன், கட்டணம் வேண்டாம்.

இலைநரம்பு

தாராளமாக எழுதுங்கள். கையெழுத்துப் போடும் முதல் ஆள் நான்தான்.

தாராபுரம்_தோட்டம்

சரி. பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒத்துக்கொண்டார், அவருடைய பழைய கிழங்கு எந்த ஊரிலிருந்து வந்தது என்று அவர் அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறாராம். எங்கள் பந்தலில் முதல் காய் இன்னும் தோல் சுருங்கவில்லை. பறித்ததும் பைகளின் படத்தை இங்கே போடுகிறேன்.